ஊர் கரைந்துபோன நட்சத்திரம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னக் கல்லூரியில் இளவேனில் இயற்பியல் எடுக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பரிசோதனைக் கூடத்தில் எவனாவது பக்கத்து மேசைக்காரன் எடுத்த அளவைத் தன் அளவாக எழுதி மாட்டிக்கொண்டால் தொலைந்தான். "தப்பா வந்தா தப்பாவே எழுது. அது உன்னோட தப்பு, நீயே வெச்சிக்கோ" என்று அவள் போடுகிற சத்தம் ரோட்டில் நிற்கும் ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்கும். நட்சத்திர ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள் குவிலென்ஸும் குழிலென்ஸும் நடத்திக்கொண்டு இங்கே ஏன் காலம் தள்ளுகிறாள் என்று ஆசிரியர் அறையில் அவ்வப்போது பேச்சு வரும். மகா கோபக்காரி, எங்கேயும் ஒத்துப்போக மாட்டாள், அதனால்தான் என்று டீயைக் குடித்தபடியே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கோபக்காரிதான், யார் இல்லை என்றது? எதற்குக் கோபம் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில். கொள்ளுத்தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குக் கிளம்பி வந்த குடும்பம். அப்பா சின்னப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு மணியடிக்கிற வேலை. படிப்பில் கெட்டியான மகளை அவர் பெங்களூருக்கு அனுப்பி, நீலசந்திராவில் இருந்த தங்கை சரசுவின் வீட்டில் தங்கவைத்து பி.எஸ்ஸி. படிக்கவைத்தார்.

அங்கே இருக்கும்போதுதான் தொண்ணூற்றொன்றின் டிசம்பர் வந்தது. காவிரித் தண்ணீருக்காக நகரமே பற்றி எரிந்தது. தமிழ் பேசினால் அடி என்ற நிலைமை. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, சரசுவிடம் தணிந்த குரலில், "நால்கு தினா நிம் ஊரிகெ ஹோகி பன்னிம்மா" என்றார். நாலு நாள் உங்கள் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்கிறார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். அவர் போனபிறகு இளவேனில் குதித்தாள்.

"எந்த ஊருக்கு அத்தே? நம்ம ஊரு இங்க கோலார்ல தானே இருக்குது? அதுவும் கர்நாடகம்தானே?"

"கத்தாதடி. வெளியில கேக்கப்போவுது."

"குடியாத்தத்துக்குப் போனா அங்க நம்மள கன்னடக்காரங்கன்றாங்க. இங்க இருந்தா தமிழ்நாட்டுக்குப் போன்றாங்க. ரயில்லியே குடும்பம் நடத்தச் சொல்றாங்களா?"

சரசு பையில் துணியைத் திணித்தாள். அவர்கள் தங்கவயலுக்குத்தான் போனார்கள், நிலைமை அடங்கியதும் திரும்பி வந்தார்கள். அடி உதை எதுவும் படவில்லை. ஆனால், உனக்கு எந்த ஊர் என்று கேட்கிறவன் நம்மைத் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை, நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று பார்க்கத்தான் கேட்கிறான் என்கிற எண்ணம் அவள் மனதில் அப்போது ஊன்றியது. அதற்கப்புறம் அது அவளைவிட்டுப் போகவே இல்லை.

எம்.எஸ்ஸி. முடித்து, பெங்களூரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியர் சீனிவாசராகவன். முதல் நாள் அவர் அறையில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"நேட்டிவ் எங்கேம்மா?"

"கேஜிஎஃப் சார்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் கேஜிஎஃப்தான் சார்."

அவர் சிரித்துக்கொண்டார். கேட்க வந்தது ஊரை அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இளவேனில் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

மனிதரைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சொல்லிக்கொடுப்பதில் அவர் வஞ்சகம் வைக்கவில்லை. நட்சத்திர ஒளியைப் பட்டகம் போல ஒரு கருவி பிரித்துப் போடும். அதில் விழுகிற கருங்கோடுகளைப் பார்த்து, இது இரும்பு, இது சோடியம், இது ஆக்சிஜன், இன்னது இவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிற வித்தையை அவளுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். கோடு சரியாக இறங்காத இடத்தில் அவள் தடுமாறினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் பின்னால் அவர் செய்தது அவளுக்கு அவ்வளவு எரிந்தது. வெறும் அயோக்கியனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள்.

அவளுக்கு வாய்த்த நட்சத்திரம் தென்கோடி வானத்தில் இருந்தது. பட்டியலில் அதற்கு ஒரு நீள எண் உண்டு, பெயர் கிடையாது. மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் எடுத்த நிறமாலைகளைச் சலித்துக்கொண்டிருந்தபோது இது மட்டும் மற்றவற்றோடு சேராமல் நின்றது. சோடியம் வேண்டியதைவிட எக்கச்சக்கம், அலுமினியமும் அப்படித்தான், ஆக்சிஜன் மட்டும் பஞ்சம். தனித்துத் திரிகிற நட்சத்திரங்களில் இந்தச் சேர்மானம் இருக்காது. ஒரே மேகத்தில் பிறந்து, லட்சக்கணக்கில் நெருக்கியடித்து வாழும் நட்சத்திரக் கொத்துகளில் மட்டும்தான் இப்படி இருக்கும். அங்கே ஒரு தலைமுறை வெந்து கக்கியதை அடுத்த தலைமுறை உண்டு வளர்கிறது. அப்படியென்றால் இது ஏதோ ஒரு கொத்தில் பிறந்து, எப்போதோ தப்பி வெளியேறி, இப்போது யாரும் கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கொத்து என்பதுதான் கேள்வி. நட்சத்திரம் இப்போது எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரிந்தால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டுகிற மாதிரி அதன் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

அந்த நகர்வைத் துல்லியமாக அளந்த புதிய பட்டியல் அப்போதுதான் வெளிவந்தது. ஐரோப்பாவில் செயற்கைக்கோள் அனுப்பி அளந்தது, தடித்தடியான புத்தகங்களும் குறுந்தகடுகளுமாக ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியது. நிலையத்துக் கணினி அறையைப் பார்த்துக்கொண்ட தியோடர் அதை வாங்கிப் பிரிப்பதற்குள் சீனிவாசராகவன் வந்துவிட்டார். அவரால் பொறுக்க முடியவில்லை. குறுந்தகட்டைப் போடச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, நட்சத்திரத்தின் எண்களைத் தன் கையாலேயே கணினியில் தட்டினார்.

"நான் தட்டட்டுமா சார்?" என்றாள் பின்னால் நின்ற இளவேனில்.

"இரு இரு. இதை நான்தான் பண்ணணும்."

பாதையைப் பின்னோக்கி ஓட்டும் புரோகிராம் அவருடையது. வாலிபத்தில், அட்டையில் துளைபோட்டுக் கணினிக்கு ஊட்டிய காலத்திலேயே எழுதியது. நிலையத்தில் எல்லோரும் அதை 'சாரோட புரோகிராம்' என்பார்கள். அதில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் அனுமதி கிடையாது, கேட்கவும் யாருக்கும் தைரியம் கிடையாது. அன்று அது ஓடி முடித்துக் காட்டிய பாதை, தென்வானத்தின் ஆகப்பெரிய, ஆகப் புகழ்பெற்ற கொத்துக்குள் நேராகப் போய் நுழைந்தது. சீனிவாசராகவன் எழுந்து நின்று தியோடரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இளவேனிலும் துள்ளினாள். அந்த நட்சத்திரத்தின் இரும்பு அளவு அந்தக் கொத்தோடு சரியாகப் பொருந்தவில்லையே என்று ஒரு சின்ன முள் உறுத்தியது, ஆனால் அன்றைய சந்தோஷத்தில் அது யாருக்கு வேண்டும்?

கட்டுரை வெளிவந்தது, அவர் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவதாக. பெங்களூர் விஞ்ஞானி, வழிதவறிய நட்சத்திரத்தின் பிறந்தவீட்டைக் கண்டுபிடித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவரை வெளிநாட்டுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சின்னப்பா அந்தப் பத்திரிகைத் துண்டை தங்கவயலுக்கு ஓடுகிற மாரிக்குப்பம் ரயிலில் வருகிற போகிற அத்தனை பேருக்கும் காட்டினார்; அதில் மகள் பெயர் இல்லை என்பதைக் கடைசிவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வேட்டுக்காக இன்னும் சில நட்சத்திரங்களின் பாதையை அவள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் நிலையத்தில் கணினிகளை மாற்றிவிட்டார்கள், சாரோட புரோகிராம் புதியதில் ஓடாமல் முரண்டுபிடித்தது. சரி என்று தானே ஒன்றைப் புதிதாக எழுதினாள். எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த பழைய நட்சத்திரத்தையே முதலில் கொடுத்தாள். பாதை பெரிய கொத்துப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

தன்மேல்தான் தப்பு என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டாள். வரிவரியாக அடித்து எழுதினாள். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் யாரும் புரட்டாத அந்தப் புத்தகங்களில் முதல் புத்தகத்தை எடுத்து, பட்டியலை எப்படித் தயாரித்தோம் என்று அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். அங்கேதான் விடை இருந்தது.

பூமி உருண்டையில் நெட்டுக்கோடுகள் நடுவில் அகன்றும் துருவத்தில் நெருங்கியும் இருப்பது பள்ளிக்கூடப் பாடம். வானத்திலும் அப்படித்தான். கிழக்கு மேற்காக நட்சத்திரம் நகர்வதை அந்தக் கோடுகளைக் கொண்டு அளந்தால், துருவத்தை நெருங்க நெருங்க நகர்வு ஊதிப்போய்த் தெரியும். அதற்கேற்பச் சுருக்க வேண்டும். பழைய பட்டியல்கள் சுருக்காமல்தான் கொடுக்கும், வாங்குகிறவர் சுருக்கிக்கொள்ள வேண்டும். சாரோட புரோகிராம் அதைத் தானாகவே செய்துவிடும். புதிய பட்டியலிலோ அவர்களே சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடையில் உப்புப் போட்டு விற்கிற இட்லி மாவை வாங்கிவந்து, வழக்கம்போல வீட்டிலும் ஒரு கைப்பிடி உப்பைப் போட்ட கதைதான். தென்கோடி நட்சத்திரம் என்பதால் நகர்வு பாதியாகக் குறைந்து, பாதை திரும்பி, சம்பந்தமே இல்லாத பெரிய கொத்தின் வாசலில் போய் நின்றிருக்கிறது.

சரியான பாதையை எடுத்துக்கொண்டு, தெரிந்த கொத்துகள் அத்தனையையும் அவள் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். ஒன்றோடும் சேரவில்லை. ஆனால் சோடியமும் ஆக்சிஜனும் பொய் சொல்லவில்லையே, கொத்தில் பிறந்ததுதான் இது. அப்படியானால் ஒரே ஒரு வழிதான் மிச்சம். அந்தக் கொத்தே இப்போது இல்லை. பால்வீதி இழுத்த இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கரைந்துபோயிருக்கிறது. அதன் பிள்ளைகள் எங்கெங்கோ திரிகின்றன.

சீனிவாசராகவனிடம் போய்ச் சொன்னாள். புத்தகத்தில் அவள் காட்டிய பக்கத்தைப் படித்தார், தாளில் பென்சிலால் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. அந்த நிமிஷத்தில் இளவேனிலுக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. தண்ணீர் கொண்டுவரட்டுமா சார் என்று கேட்க வாயெடுத்தாள்.

"இதை யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிடலாம். எப்படித் தப்பு நேர்ந்ததுன்னு அதுல எழுதணும். புரோகிராம்ல தப்பு ஒண்ணும் இல்லே, தெரியறதா? அது கேக்கறபடி டேட்டாவைக் குடுக்கலே. டேட்டா தயார் பண்றது ஸ்டூடன்ட்டோட பொறுப்பு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடேறியது.

"சார், அன்னிக்கு டைப் பண்ணது நீங்க."

"நான்தான் பண்ணினேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதைப் பெரிசு பண்ணாதே. நீ சின்னவ, ஸ்டூடன்ட் தப்புன்னா நாலு நாள்ல மறந்துடுவா. என் பேர் அப்படி இல்லே. முப்பது வருஷமா அந்த புரோகிராம்ல எத்தனை பேர் பேப்பர் போட்டிருக்கான்னு யோசிச்சியா? எல்லாத்தையும் சந்தேகப்படுவா."

"அந்தக் கொத்து இப்ப இல்லன்றதாவது எழுதுவீங்களா?"

"இல்லாத கொத்துலேர்ந்து வந்ததுன்னு எவன் பேப்பர் போடுவான்? வேற ஏதாவது கொத்து பக்கத்துல வரதான்னு பாரு. பிழை எல்லைக்குள்ள ஏதாவது அகப்படும். ஒரு நட்சத்திரம்மா அது, எங்கேயிருந்து வந்தா என்ன?"

"அதுக்குன்னு ஓர் எடம் இருந்துச்சு சார். அது இல்லாமப் போனதால வேற எடத்த எழுதிட முடியுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வேட்டில் அவள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம், தடுக்க மாட்டார். ஆனால் வாய்மொழித் தேர்வில் கேள்வி வந்தால் டேட்டாவை அவள்தான் தப்பாகக் கொடுத்தாள் என்று சொல்லவேண்டும். திருத்தமும் அப்படியே போகும். சம்மதம் என்றால் நாளைக்கே ஆய்வேட்டை அனுப்பிவைக்கிறார், இல்லையென்றால் கையெழுத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் குரலை உயர்த்தாமல், இன்முகமாகச் சொன்னார். எவ்வளவு பெரிய மனுஷத்தனம் பாருங்கள்.

இளவேனில் கணினி அறைக்குப் போய்த் தியோடரைப் பிடித்தாள். அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பிரச்சினை என்று வந்தால் நடந்ததைச் சொல்வீர்களா என்று கேட்டாள். தியோடர் கணினித் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஞாபகமில்ல சிஸ்டர்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா, பொய்தான் சொல்றேன். வீட்ல வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க இருக்குது. என் பெர்மனன்ட் ஆர்டர் சார்கிட்ட இருக்குது. என்னை விட்ருங்க."

அந்த வாரம் ஊருக்குப் போனாள். சுரங்கத்தை மூடிவிடப் போகிறார்கள் என்ற பேச்சு தங்கவயல் முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில், ரயிலில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில்கூட அதே பேச்சு. சின்னப்பா வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டே மகள் சொன்னதைக் கேட்டார்.

"சர்தான் சொல்ட்டுப் போயேன் கண்ணு. தப்பு என்துன்னு ஒரு வார்த்த. அதுல இன்னா தேஞ்சா பூடப்போற?"

"நான் செய்யல நைனா."

"நான் மட்டும் செஞ்சனா? கூண்டு ஒரு தபா லேட்டா வந்திச்சுன்னா எவன் தப்பானாலும் மணியடிக்கறவன்தான் திட்டு வாங்குவான். நானும் வாங்கிக்கினுதான் இருந்தேன். அந்தச் சம்பளத்துலதான் நீ படிச்ச."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அதனாலதான் உன்ன இத்தினி வருஷமா எல்லாரும் திட்னாங்க!" என்று கத்திவிட்டாள். சின்னப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அவள் கிளம்பும்போது ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்துவந்தார். ரயில் பாதி தூரம் வரும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எதிரே சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் பார்க்கக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சீனிவாசராகவன் அறைக்குப் போய், "சரி சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆய்வேடு மறுநாளே போனது.

தேர்வு நாளில் நிலையத்துச் சின்ன அரங்கம் நிறைந்திருந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வெங்கடசுப்ரமணியன் என்ற வயதான பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். தூங்குகிற மாதிரி இருப்பார், ஆனால் ஒரு வரி விடமாட்டார். அவருக்குப் பக்கத்தில் சீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார், புதுச்சட்டை போட்டிருந்தார். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு முடிந்ததும் மாணவர் வாங்கிவைத்திருக்கும் இனிப்பில் முதல் துண்டை வழிகாட்டிதான் எடுப்பார். எடுத்து மாணவர் வாயில் ஊட்டி, முதல் தடவையாக 'டாக்டர்' என்று கூப்பிடுவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தொடுவார்கள். இளவேனிலும் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வெளியே மேசையில் வைத்திருந்தாள்.

அவள் பேசி முடித்ததும் வெங்கடசுப்ரமணியன் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"இந்த நட்சத்திரத்துக்கு இப்ப கொத்தே இல்லைங்கறேள். அப்புறம் கொத்துல பிறந்ததுன்னு எப்படிச் சொல்றது?"

"சோடியம் ஏறி ஆக்சிஜன் எறங்குறது கூட்டத்துல பொறந்தாதான் சார் நடக்கும். தனியாப் பொறந்ததுல ஒண்ணுகூட இப்படிக் கெடையாது. கொத்து அழிஞ்சுபோகலாம். அது குடுத்தத நட்சத்திரத்துகிட்ட இருந்து யாரும் புடுங்க முடியாது."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் சில பக்கங்கள் தள்ளினார்.

"முன்னாடி பேப்பர்ல இதையே பெரிய கொத்துலேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கேள். இதுல, சுருக்கம் ரெண்டு தடவை ஆயிடுத்து, அதனால தப்புன்னு இருக்கு. ரொம்ப சரி. யாரு டேட்டா குடுத்தது?"

அரங்கத்தில் யாருக்கும் இது பெரிய கேள்வியாகப் படவில்லை. சீனிவாசராகவன் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், குழந்தைக்குப் பாட்டின் அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பது போல. அந்தத் தலையசைப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால், முறைத்திருந்தால், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போயிருப்பாளோ என்னவோ. இவள் சொல்லிவிடுவாள், இவளால் வேறு என்ன முடியும் என்கிற நிம்மதி அந்த முகத்தில் அப்பிக்கிடந்தது.

"சார்தான் குடுத்தாங்க" என்றாள்.

"யாரு?"

"என்னோட கைடு, சீனிவாசராகவன் சார். நான் தட்றேன்னு சொன்னேன், வேணான்னுட்டு அவரே ஒக்காந்து டைப் பண்ணாரு. புரோகிராமும் அவரோடதுதான். நான் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்தேன், எனக்கும் அன்னிக்குத் தெரியல. அப்புறம் தெரிஞ்சது, உடனே அவர்கிட்ட சொன்னேன். தப்ப என் பேர்ல போட்டுக்கோன்னு சொன்னாரு. சரின்னு சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன். இப்ப முடியாதுன்றேன்."

அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. தியோடர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லார் கண்ணும் ஒரு தடவை அவர் பக்கம் போனது, அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். வெங்கடசுப்ரமணியன் பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். சீனிவாசராகவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வெங்கடசுப்ரமணியனும் சீனிவாசராகவனும் உள்ளறைக்குப் போனார்கள். கூட்டம் வெளியே வந்து மேசையைச் சுற்றி நின்றது. அவளோடு கூடப் படித்தவர்கள்கூட இரண்டடி தள்ளியே நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்து வெங்கடசுப்ரமணியன் மட்டும் வெளியே வந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறோம், இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார். சீனிவாசராகவன் பின்பக்கக் கதவு வழியாக எப்போதோ வெளியேறியிருந்தார்.

வாழ்த்து என்று யாரும் வாய் திறக்கவில்லை. இனி இந்தத் துறையில் அவளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் வராது, இங்கே மட்டுமல்ல, எங்கேயும் வராது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மைசூர்பாகுப் பெட்டி திறந்தபடி கிடந்தது, ஒரு கையும் அதை நோக்கி நீளவில்லை. அவளே பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தியோடர் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க."

"சார் இன்னும் எடுக்கலியே சிஸ்டர்" என்றார் அவர், சின்னக் குரலில்.

இளவேனிலுக்குக் கண் கலங்கியது. துக்கமில்லை, முழுக்க ஆத்திரம். ஏழு வருஷம் இரவு பகல் பாராமல் உழைத்த உழைப்பு, ஒரு மனிதர் பின்பக்கமாகப் போய்விட்டார் என்பதற்காக இத்தனை படித்தவர்கள் நடுவில் தீண்டுவாரில்லாமல் கிடக்கிறதே என்று உடம்பெல்லாம் எரிந்தது. பெட்டியை மேசையில் டப்பென்று வைத்தாள். ஆகப்பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

"டாக்டர் இளவேனில்" என்று தனக்குத்தானே, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, அதை வாயில் போட்டுக்கொண்டாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, நன்றாக மென்று விழுங்கினாள்.